எலெக்‌ஷன், செலெக்‌ஷன்... உத்திரமேரூர் குடவோலை இதுல எது?

'ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எலெக்‌ஷன் நடந்த ஊர்' என்று உத்திரமேரூர் பற்றி அடிக்கடி ஃபார்வர்டு வரும். அது சரிதானா?

பலர் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அது எலெக்‌ஷன். தகுதி பார்த்துப் பொறுக்கி எடுத்தால் செலெக்‌ஷன். ஊராட்சித் தலைவர் வருவது எலெக்‌ஷனில். ஊராட்சிச் செயலாளர் வருவது செலெக்‌ஷனில். இரண்டு சொல்லுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான், அதனால்தான் இந்தக் குழப்பம்.

இப்போ வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுக்கு வருவோம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 921. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கணும். பொதுவாக, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேணும். சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பும் கட்டாயம். கணக்குக் காட்டாதவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கிய சொந்தக்காரங்களும் அவுட்! (இன்னைக்கு இந்த விதி வந்தா எத்தனை பேர் தேறுவாங்க?)

இதுவரைக்கும் செலெக்‌ஷன். அதுக்கப்புறம்? 30 குடும்பு, அதாவது வார்டு மாதிரி. தகுதியானவங்க பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வாங்க. யாரும் ஓட்டுப் போடலை. இது குலுக்கல், ஆங்கிலத்தில் 'லாட்'. அதுவும் பிராமண ஆண்கள் சபைக்குள் மட்டும்.

பதவி ஒரு வருஷம்தான். அப்புறம் மூணு வருஷத்துக்கு அவர் பெயர் குடத்துக்குள்ளயே போகாது.