ஒரு விடுமுறை நாள் பிறந்த கதை

1946 அக்டோபர். உலகப் போரில் அடிபட்டு எழுந்த பிரான்ஸ், தனக்கென ஒரு புதிய அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்தது. அதன் 27ஆவது பிரிவில் இரண்டு நிபந்தனைகள் ஏறின. நாட்டின் நிலத்தைப் பிறருக்குக் கொடுக்கும் எந்த உடன்படிக்கையும், நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஏற்றால்தான் செல்லும். அங்கே வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் கைமாற்றமே செல்லாது. ஜெர்மானியப் படை நாட்டுக்குள் புகுந்து நான்கு ஆண்டு ஆண்டுவிட்டுப் போன காயம் ஆறாத நேரம் அது. எழுதியவர்கள் மனதில் பாகூர் ஏரிக்கரையோ வில்லியனூர்த் தேர்வீதியோ இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டு நிபந்தனைகளும் கடல் தாண்டி வந்து, சரியாக அந்த ஊர்களின் கழுத்திலேயே விழுந்தன.

மறு ஆண்டே ஆங்கிலேயர் கிளம்பிவிட்டார்கள். சென்னை மாகாணமெங்கும் மூவண்ணக் கொடி பறந்தது. பாண்டிச்சேரிப் பகுதியில் பிரெஞ்சுக் கொடி இறங்கவில்லை. அந்தப் பகுதியும் ஒரே நிலமாக இல்லை. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன் எனும் உள்ளாட்சிப் பிரிவுகளாகச் சிதறி, நடுநடுவே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள் புகுந்து கிடந்தன. ஒரு வயல் பிரான்ஸ், வரப்பைத் தாண்டினால் இந்தியா. 1949ல் சுங்க ஒப்பந்தம் முறிந்ததும் எல்லைக்கு எல்லை சாவடி முளைத்தது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவனின் மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்கும் காலம் வந்தது.

வாக்கெடுப்பு நடத்தி மக்களையே கேட்டுவிடலாம் என்று 1948 ஜூனில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் முந்திக்கொண்டது. 1949 ஜூன் 19 அன்று இந்தியாவுக்கு 7,473 வாக்கு, பிரான்ஸுக்கு 114. பாரீஸில் உடன்படிக்கை எழுதி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறி, 1952 ஜூன் 9 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவுடையது ஆனது. பாதை போட்டாகிவிட்டது, பாண்டிச்சேரி அதில் நடந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாண்டிச்சேரியில் வாக்குப் பெட்டியே வரவில்லை.

காரணம், அங்கே நடந்துகொண்டிருந்த அரசியல். 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி வென்றிருந்தது. எதிர்க்கட்சிக்காரர் வீடுகள் தாக்கப்பட்டன. 1951ல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள், நேர்மையான வாக்கெடுப்புக்கு இங்கே சூழல் இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு குபேர் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கே பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராகத் தேர்வானார். பிரான்ஸுக்கு இந்த மண்ணில் அவரைவிடப் பெரிய தூண் கிடையாது. அந்தத் தூண்தான் முதலில் சாய்ந்தது.

பிரெஞ்சு நிர்வாகத்தோடு விரிசல் கண்ட குபேர் 1954ல் கட்சி மாறவில்லை, நாடே மாறினார். மார்ச் 18 அன்று பாண்டிச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன்களும், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டன. மாத இறுதியில் குபேர் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். நாற்புறமும் இந்திய நிலம் சூழ்ந்த கொம்யூன் அது. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் அங்கே போக வேண்டுமானால் இந்திய மண்ணைத் தாண்டியாக வேண்டும், இந்தியா வழிவிடவில்லை. வ. சுப்பையாவின் கம்யூனிஸ்டுகள் வேறு பக்கத்தில் கிராமங்களை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சிந்தியாவின் மற்றத் துண்டுகளான ஏனாமும் மாகியும் கோடைக்குள் கைநழுவின. பாரீஸிலோ அதைவிடப் பெரிய இடி விழுந்திருந்தது.

1954 மே மாதம், வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. போரை முடிப்பதாகச் சொல்லிப் பதவிக்கு வந்த பிரதமர் பியேர் மென்டஸ் பிரான்ஸ், இந்தியாவில் உள்ள துண்டு நிலங்களுக்காக இன்னொரு சண்டை போடத் தயாராக இல்லை. கொடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் அந்த 27ஆவது பிரிவு குறுக்கே நின்றது. மக்கள் சம்மதம் எங்கே? பொது வாக்கெடுப்புக்கோ நேரமில்லை, சூழலும் இல்லை. அப்போது ஒரு குறுக்குவழி கிடைத்தது.

மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும் கூடி வாக்களிக்கட்டும் என்று இரு நாடுகளும் உடன்பட்டன. அதற்குத் தேர்ந்த இடம் கவர்னர் மாளிகை அல்ல, நகர மன்றமும் அல்ல. வில்லியனூருக்கு மேற்கே எல்லையோரத்தில் கிடந்த கீழூர் என்ற சிற்றூர். 1954 அக்டோபர் 18 அன்று பாண்டிச்சேரி, காரைக்கால் உறுப்பினர்கள் 178 பேர் அங்கே வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. மூன்றாம் நாள் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 காலை பிரெஞ்சுக் கொடி இறங்க, இந்தியாவின் தலைமை ஆணையர் கேவல் சிங் பொறுப்பேற்றார். ஊரெல்லாம் கொண்டாட்டம். அதே நாளில், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்த குண்டுகளின் ஓசை பாண்டிச்சேரிக்குக் கேட்கவில்லை.

அந்த நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் பிரான்ஸை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கியது. தேதி பொருந்தியது தற்செயல். விளைவு அப்படி அல்ல. பாண்டிச்சேரியில் நடந்தது நிர்வாகக் கைமாற்றம் மட்டுமே. சட்டப்படி மண் இன்னும் பிரான்ஸுடையது. முறையான உடன்படிக்கை எழுத வேண்டும், அதை ஏற்கும் மசோதா பாரீஸ் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். உடன்படிக்கை 1956 மே 28 அன்று வந்துவிட்டது. டெல்லியில் ஜவாஹர்லால் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஸ்தானிஸ்லாஸ் ஒஸ்த்ரோரோகும் கையெழுத்திட்டார்கள். மிச்சம் ஒரு மசோதாதான்.

அந்த மசோதாவுக்குப் பாரீஸில் வழி பிறக்கவில்லை. பிரான்ஸ் லட்சக்கணக்கான வீரர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பி, இது எங்கள் மண், ஒரு பிடியும் தர மாட்டோம் என்று முழங்கிக்கொண்டிருந்தது. அதே அவையில் எழுந்து, இந்தியாவில் இருக்கும் எங்கள் மண்ணைத் தந்துவிட்டோம், ஒப்புதல் தாருங்கள் என்று எந்த அமைச்சர் கேட்பார்? அங்கே கொடுத்தால் இங்கேயும் கொடுப்பீர்களா என்று வலதுசாரிகள் பாய்வார்கள். ஆட்சிகளோ மாதக்கணக்கில் கவிழ்ந்துகொண்டிருந்தன. 1956 இறுதியில் சூயஸ் கால்வாய்ப் படையெடுப்பை நேரு கண்டித்ததும் பாரீஸின் முகம் இன்னும் இறுகியது. 1958 மே மாதம் அல்ஜீரியச் சிக்கலே, 1946 அரசமைப்பில் நின்ற நான்காம் குடியரசை விழுங்கியது. 27ஆவது பிரிவும் அந்த அரசமைப்போடு போய்விட்டது என்று பெருமூச்சு விட்டிருக்கலாம். புதிய அரசமைப்பிலும் அது 53ஆவது பிரிவாக மறுபிறவி எடுத்தது.

டி கோல் கொண்டுவந்த ஐந்தாம் குடியரசு, மசோதா நடக்கும் பாதையையே மாற்றி அமைத்தது. பழைய அவையில் பத்தொன்பது குழுக்கள் இருந்தன. ஒரு மசோதா குழுவுக்குள் போனால், குழு திருத்தி எழுதிய வடிவமே அவையில் விவாதத்துக்கு வரும். அமைச்சர்கள் குழுத் தலைவர்களுக்குப் பயந்தார்கள். 1958 அரசமைப்பு நிலைக்குழுக்கள் ஆறுக்கு மேல் போகக் கூடாது என்று கடிவாளம் போட்டது. விவாதம் அரசின் வரைவின் மேல்தான். எந்த மசோதா எந்த நாள் அவைக்கு வரும் என்பதிலும் அரசுக்கே முன்னுரிமை. உடன்படிக்கையை ஏற்கும் மசோதா என்றால் உறுப்பினர்கள் அதில் ஒரு வரியையும் திருத்த முடியாது. ஏற்கலாம், மறுக்கலாம், தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே இனி பாண்டிச்சேரியின் சாவி எந்தக் குழுவிடமும் இல்லை. அது டி கோலின் பையில் இருந்தது. அவர் அதை வெளியே எடுக்க அல்ஜீரியா விடவில்லை.

இந்த ஆண்டுகளில் வில்லியனூரிலும் பாகூரிலும் வாழ்ந்தவர்களின் நிலைமை விசித்திரமானது. வரி வாங்கியது இந்தியா, போலீஸ் இந்தியாவுடையது. ஆனால் அவர்கள் ஏட்டில் பிரெஞ்சுக் குடிமக்கள். இந்திய அரசே அந்தப் பகுதியை, நாட்டுக்கு வெளியே உள்ள இடங்களை ஆள்வதற்கான 1947ஆம் ஆண்டின் வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டத்தின் கீழ்தான் ஆண்டுவந்தது. 1957லும் 1962லும் இந்தியாவெங்கும் பொதுத்தேர்தல் நடந்தபோது, வரப்புக்கு அந்தப் பக்கத்து விவசாயி மக்களவைக்கு வாக்களித்தார். இந்தப் பக்கத்து விவசாயி பார்த்துக்கொண்டிருந்தார். பிரதிநிதித்துவ சபைக்கு 1955லும் 1959லும் தேர்தல் நடந்தது, சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. இதற்குள் இந்தியாவே ஒரு புதிய தடையைத் தன் கையால் போட்டுக்கொள்ளும் போலிருந்தது.

1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்து போர்த்துகீசியரை வெளியேற்றியது. மேற்கு நாடுகள் கொதித்தன. பேச்சு, உடன்படிக்கை, காத்திருப்பு என்று பாண்டிச்சேரியில் பொறுமை காட்டிய நாடு, பொறுமையிழந்துவிட்டது என்று பேசப்பட்டது. மசோதா இன்னும் ஆழத்தில் புதையும் என்ற அச்சம் எழுந்தது. நல்லவேளையாக முடிச்சு வேறு பக்கத்தில் அவிழ்ந்தது.

1962 மார்ச் 18 அன்று ஏவியானில் அல்ஜீரியப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஜூலை தொடக்கத்தில் அல்ஜீரியா சுதந்திர நாடானது. பெரிய நிலமே போன பிறகு சிறிய நிலத்துக்குக் கூச்சல் போட யாருக்கும் மனமில்லை. அதே ஜூலை மாதத்திலேயே பாண்டிச்சேரி உடன்படிக்கையை ஏற்கும் மசோதா பிரெஞ்சு நாடாளுமன்றத்தைக் கடந்து சட்டமானது. ஆறு ஆண்டு நகராதது ஒரே மாதத்தில் முடிந்தது. இரு அரசுகளும் ஏற்புப் பத்திரங்களை டெல்லியில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அமைந்த நாள், இந்தியா தன் சுதந்திர நாளைக் கொண்டாடி முடித்த மறுநாள், ஆகஸ்ட் 16.

இப்போது பந்து டெல்லியின் பக்கம் வந்தது. மண் இந்தியாவுடையது ஆகிவிட்டது, ஆனால் அரசமைப்பில் அதற்கு இடமில்லை. ஆகஸ்ட் 30 அன்று உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, பதினான்காம் திருத்த மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். துறைவாரி நிலைக்குழுக்கள் அப்போது பிறக்கவே இல்லை, அவை 1993ல்தான் வந்தன. தெரிவுக்குழுவோ கூட்டுக்குழுவோ அமைத்து ஆராயும் வழி இருந்தது. அதற்கு அவகாசம் தராத வேகத்தில் மசோதா ஓடியது. செப்டம்பர் 4 அன்று மக்களவை, 7 அன்று மாநிலங்களவை. பாரீஸில் ஆண்டுக்கணக்கு, டெல்லியில் நாள்கணக்கு. ஆனால் கடைசித் திருப்பம் இமயமலையில் காத்திருந்தது.

பாண்டிச்சேரிக்கு மாநிலங்களவையில் ஓர் இடம் தரப்பட்டதால், அந்தத் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. ஒப்புதல் தேடும் நேரத்தில், அக்டோபர் 20 அன்று, சீனப் படை எல்லை தாண்டியது. நாடு நெருக்கடி நிலைக்குள் போனது. போர் ஓய்ந்து, டிசம்பர் 28 அன்றுதான் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்டார். தாமதத்தைச் சரிக்கட்ட, பாண்டிச்சேரி ஆகஸ்ட் 16 முதலே இந்தியாவின் பகுதி என்று திருத்தம் பின்தேதியிட்டுச் சொன்னது. இன்றைக்கும் அரசமைப்பின் முதல் அட்டவணையில், 1962 ஆகஸ்ட் 16க்கு முன்புவரை பிரெஞ்சுக் குடியிருப்புகளாக இருந்த நிலப்பகுதி என்றே புதுச்சேரி எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்கியது.

இந்தியரா, பிரெஞ்சுக்காரரா என்று தீர்மானிக்க உடன்படிக்கை ஆறு மாதம் தந்திருந்தது. அந்த மண்ணில் இருந்தவர்கள் சும்மா இருந்தால் இந்தியர், எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகன். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஊரார் ‘சொல்தா’ என்று அழைக்கும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்கள் பல இன்றும் பாரீஸிலிருந்து ஓய்வூதியம் பெறுவதற்கு அந்த ஆறு மாதமும் ஒரு காரணம். மற்றவர்கள் இந்தியரானார்கள். 1963 ஜூலை 1 அன்று பிரதிநிதித்துவ சபை சட்டமன்றமாக மாறியது. ஒரு காலத்தில் பாரீஸ் அவையில் அமர்ந்திருந்த குபேர்தான் அதன் முதல் முதலமைச்சர்.

புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இன்னொரு நாள் விடுமுறை கிடைப்பதும், வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அரசு கொடியேற்றுவதும் இந்த வழியில் பிறந்தவை. 170 பேர் வாக்களித்தது அக்டோபர் 18. கொடி மாறியது நவம்பர் 1. அதை விடுதலை நாளாக அரசு கொண்டாடத் தொடங்கியதே 2014ல்தான். அதுவரை அரசின் பெருநாளாக நின்றது, மசோதா கரையேறிப் பத்திரம் கைமாறிய தேதிதான்.

அந்தப் பாடம் இன்னும் பழையதாகவில்லை. மாநில அந்தஸ்து வேண்டுமென்று புதுச்சேரிச் சட்டமன்றம் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. தீர்மானம் சட்டமாகாது. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா அறிமுகமானால்தான் அது நடக்கும். அப்படியொரு மசோதாவை எந்த அரசும் இதுவரை கொண்டுவரவில்லை.