கீழே வைத்த வாள்

கையில் வாளோடு ஒருத்தர் விமான ஓடுபாதையில் நடந்து போவார், விமானங்கள் எல்லாம் அவருக்காகக் காத்துக்கிட்டு நிற்கும். கதை இல்லீங்க, திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற விஷயம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வழியில் குறுக்கே இருப்பது விமான நிலையம். ஊர்வலம் பழசு, விமான நிலையம் 1932-ல் வந்தது. அதனால் ஒதுங்குவது விமானம்தான். 2022 நவம்பர் 1 அன்று இதற்காக ஐந்து மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்தி வைத்தார்கள். சாமியோடு வாள் ஏந்தி நடப்பவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர்.

கைப்பையில் மறந்துபோய் வைத்த சின்னக் கத்தரிக்கோலைக்கூடப் பறிகொடுத்துட்டு வர்ற நமக்கு இது கொஞ்சம் பொறாமையான காட்சிதான் :-)

சரி, அந்த வாளுக்கு ஏன் அவ்வளவு மரியாதை? பதில் 1750-ல் இருக்கு.

மார்த்தாண்ட வர்மா 1729-ல் பட்டத்துக்கு வந்தபோது திருவிதாங்கூர் சின்ன நாடு. எட்டு வீட்டுப் பிள்ளைமாரை அடக்கி, 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, அக்கம்பக்கத்து நாடுகளைப் பிடித்து பெரிசாக்கினார். எல்லாம் வாளால் சம்பாதித்தது. 1750 ஜனவரி 3 அன்று அந்த மனுஷன் பத்மநாபசுவாமி சன்னதிக்குப் போய், வாளைப் படியில் வைத்து, நாட்டையே சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இதைத்தான் 'திருப்படிதானம்' என்பார்கள். பிறகு அதே வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு 'பத்மநாப தாசர்' என்ற பெயரில் ஆண்டார். அதாவது நாடு சாமியோடது, ராஜா வெறும் வேலைக்காரர்.

இதில் அரசியல் கணக்கு இல்லாமல் இல்லை. புதுசா பிடித்த நாட்டில் ராஜாவை எதிர்க்கலாம், சாமியை எதிர்க்க முடியுமா? ஆனாலும் பின்னால் வந்த ராஜாக்கள் எல்லாரும் அதே தாசர் பட்டத்தோடுதான் ஆண்டார்கள். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ராஜாங்கம் போன பிறகும் அந்தப் பெயரும் வாளும் போகவில்லை.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இன்னும் நெருக்கமான இன்னொரு வாள் இருக்கு. பழைய தலைநகரம் பத்மநாபபுரம், தக்கலைக்குப் பக்கத்தில். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறினாலும் நவராத்திரி சாமிகள் இங்கிருந்துதான் போகணும். தேவாரக்கெட்டு சரஸ்வதி (கம்பர் வழிபட்ட சிலை என்பது ஐதீகம்), வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என்று மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் மன்னரின் உடைவாள். அரண்மனையில் உப்பரிகை மாளிகையில் வைத்து அந்த வாளை முறைப்படி கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று ராத்தங்கி, 50 கிலோமீட்டருக்கு மேல் போய் மூன்றாம் நாள் திருவனந்தபுரம். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், குமாரசாமி ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில்.

1956 நவம்பர் 1-ல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கு. ஆக, அன்றிலிருந்து அந்த வாள் வருஷா வருஷம் களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டுகிறது. ரெண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். எல்லைக் கோட்டை மாற்றினார்கள், வாள் போகிற வழியை யாரும் மாற்றவில்லை.

உலகத்தில் கத்தி சேர்க்கிறவங்க நிறைய பேர். அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் (1929-2010) கையால் செய்த ஒரு வேட்டைக் கத்திக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பார்கள். ஆனால் அவங்ககிட்டயே 'உங்களுக்குப் பிடிச்சது எது?' என்று கேட்டால், விலை உயர்ந்ததைவிட தாத்தா பாக்கெட்டில் இருந்த மழுங்கின கத்தியைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது புரிகிறது. ஏன்னா எங்க வீட்டிலும் ஒண்ணு இருக்கு.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்க வீட்டை விற்றபோது நகை, பாத்திரம், பத்திரம் எல்லாத்துக்கும் பங்கு பேசினோம். ஆச்சியோட வெட்டுக்கத்தியை மட்டும் யாரும் கேட்கலை. லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர் உலையில் பழுக்கக் காய்ச்சி, அடிச்சு, தண்ணியில முக்கி விறைக்க வைத்த கத்தி. ஸ்பிரிங் இரும்பில் கரி அதிகம், அதனால் வாய் நல்லா நிற்கும். ஆனால் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு. தேய்த்து, சாணை பிடித்து, பாதி அகலம்தான் மிச்சம். செக்-இன் பெட்டியில் துணி சுற்றி டல்லாஸுக்குக் கொண்டு வந்தேன். தேங்காய் உடைக்க இன்னிக்கும் அதன் முதுகுதான்.

'புதுசு பத்து டாலருக்குக் கிடைக்குமேப்பா, இது எதுக்கு?' என்று மகள் கேட்டாள். தங்கமணியும் அதே கட்சி. ஆச்சியின் கதையைச் சொன்னதும் மகள் கேட்ட அடுத்த கேள்வி: 'அப்போ இது உங்களோடதா, ஆச்சியோடதா?' என்னோடது இல்லைம்மா, என்கிட்ட இருக்கு என்றேன். யோசித்துப் பார்த்தால் 'பத்மநாப தாசர்' என்பதும் கிட்டத்தட்ட இதுதான். வைத்திருப்பவன் சொந்தக்காரன் இல்லை, அடுத்த கைக்குப் போகும் வரை துரு ஏறாமல் பார்த்துக்கொள்கிறவன்.

கத்தியை யாருக்கும் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வை, அவங்க எடுத்துக்கட்டும் என்று ஆச்சி சொல்வாள். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். ஐரோப்பாவில் கத்தியைப் பரிசாக வாங்கினால் உறவு அறுந்து போகாமலிருக்க ஒரு காசு திருப்பித் தருவார்கள். கொடுப்பதில் ஒரு தயக்கம் எல்லா ஊரிலும் இருந்திருக்கு.

அரண்மனை வாளுக்கு வரலாறு எழுத ஆள் இருக்கு. நம்ம வீட்டுக் கத்திக்கு நாமதான் எழுதணும். யார் செய்தது, எந்த ஊர் உலை, யார் கையில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறையோடு வையுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் அவங்களுக்குத் தெரிந்த மொழியிலாவது எழுதுங்கள். சீட்டு இல்லாத கத்தி, நமக்குப் பிறகு பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.