மணாலி - லே விசையுந்துப் பயணம்

மணாலி - லே விசையுந்துப் பயணம் என்பது இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கில் உள்ள லே நகர் வரை, ஏறத்தாழ 430 கி.மீ. தொலைவை மோட்டார் சைக்கிளில் குழுவாகக் கடந்து, வழியில் கூடாரங்களில் தங்கிச் செல்லும் மலைப்பயணம் ஆகும். எல்லைச் சாலைகள் அமைப்பு பராமரிக்கும் இச்சாலை கடும் பனிப்பொழிவினால் குளிர்காலத்தில் மூடப்படுகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோத்தாங் கணவாயில் ஏறும் தேவையை நீக்கியது. சாலையின் பெரும்பகுதி இன்று தார் இடப்பட்டிருப்பினும், கற்கள், சேறு, பனியுருகு நீரோடைகள் நிறைந்த பகுதிகள் இன்னும் உள்ளன.

தங்குமிடத் தேர்வு

இப்பயணத் திட்டத்தின் மையம் வண்டி அன்று; எந்த உயரத்தில் உறங்குவது என்பதே ஆகும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவது பாதுகாப்பானது. மணாலி ஏறத்தாழ 2,050 மீ., சிசுப்பா 3,200 மீ., சார்ச்சு 4,290 மீ., பாங் 4,600 மீ. உயரத்தில் உள்ளன. எனவே சிசுப்பாவிலிருந்து மறுநாளே சார்ச்சு சென்று உறங்கும் வழக்கமான திட்டம் இவ்வரம்பை இருமடங்குக்கு மேல் மீறுகிறது.

இங்கு நிலவமைப்பும் பகையாக உள்ளது. மலைநோய் முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் சார்ச்சுவின் ஒருபுறம் ஏறத்தாழ 4,900 மீ. உயரமுள்ள பாரலாச்சா கணவாயும், மறுபுறம் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட லாச்சுலுங் கணவாயும் உள்ளன. பாங்கைத் தாண்டினால் 5,328 மீ. உயரமுள்ள தங்லங் கணவாய் வருகிறது. அதாவது, இறங்க வேண்டியவர் முதலில் ஏறியாக வேண்டும். எனவே தலைவலி, குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியவை உடையவரை அழைத்துக்கொண்டு சிசுப்பாவைத் தாண்டக்கூடாது. விடுப்பு நாட்கள் குறைவு என்பது மேலே செல்வதற்கான காரணம் ஆகாது. மாலை நேரத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதும், தனக்கு நோயில்லை என்று மறைப்பவரைக் கண்டறிவதும் குழுத்தலைவரின் கடமை. அசெட்டசோலமைடு போன்ற மருந்துகளை மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

கார்கில் வழியாக லே செல்லும் சிறீநகர் சாலை படிப்படியாக உயர்வதால், அவ்வழியே சென்று மணாலி வழியே திரும்புவது உடலுக்கு எளிது. பயண நாட்கள் கூடுதலாகும் என்பதே இதன் குறை.

வண்டியும் எரிபொருளும்

சந்திரா, பாகா ஆறுகள் கூடும் தண்டியில் எரிபொருள் நிலையம் உள்ளது. சற்று மேலே உள்ள கேலாங்கைக் கடந்தபின், லேக்கு அருகிலுள்ள காரு வரை 300 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவுக்கு எரிபொருளை நம்பிச் செல்ல இயலாது. லிட்டருக்கு 30 கி.மீ. ஓடும் வண்டிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் தேவை. ஆனால் கரடுமுரடான பாதையில் தாழ்ந்த பல்லிணையில் ஓடுவதால் செலவு மிகும். ஆகவே வண்டிக்கு 5 லிட்டர் கூடுதலாக எடுத்துச் செல்லலாம். 5,000 மீ. உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதி என்பதால், எந்த எந்திரமும் வலுவிழக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் விகிதம் மிகுந்து புகை வரும். எரிபொருள் உட்செலுத்து முறை இதைத் தானே சரிசெய்துகொள்ளும். சென்னையைச் சேர்ந்த இராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016 இல் வெளியிட்ட 'இமாலயன்' இத்தகைய பாதைகளைக் கருதி வடிவமைக்கப்பட்டது.

பயண ஒழுங்கு

பனி உருகுவதால் ஓடைகளில் பிற்பகலில் நீர் பெருகும். எனவே விடியற்காலையில் புறப்பட்டு அவற்றைக் கடப்பது நல்லது. ஒருவர் கடந்து நின்றபின் அடுத்தவர் இறங்க வேண்டும். பழுதுபார்க்கத் தெரிந்தவர், கருவிகளுடன் கடைசி வண்டியில் வருவது மரபு. பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காததால், அன்றைய சந்திப்பிடங்களைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கூடாரத்தை ஓடைப்படுகையில் அமைத்தல் கூடாது. பாங் உயரத்தில் நீர் ஏறத்தாழ 85 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. அழுத்தக் கொப்பரை (குக்கர்) இன்றியமையாதது. குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தினுள் அடுப்பு எரித்தால், கார்பன் மோனாக்சைடு நச்சினால் உறக்கத்திலேயே உயிரிழப்பு நேரலாம்.