முருங்கனும் கட்டுக்கரையும்

மன்னார் என்ற பெயரைக் கேட்டதும் கடலும் முத்தும் கோட்டையுமே கற்றோர் நினைவில் எழுகின்றன. மன்னார் வரலாற்றின் பெரும்பகுதி கப்பலில் வந்தோர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே எழுதப்பட்டது. ஆகவே அது கப்பல் நின்ற துறைக்கு அப்பால் அதிகம் செல்லாமை வியப்பன்று. தீவிலிருந்து பாலத்தைக் கடந்து மதவாச்சி வீதி வழியே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர் உள்ளே சென்றால் முருங்கன் என்னும் சிறு கடைத்தெருவை அடையலாம். ஒரு புகையிரத நிலையமும், சில கடைகளும், நெல் விற்கவும் உரம் வாங்கவும் வந்துபோகும் கமக்காரருமாகக் காட்சி தரும் இச்சிற்றூருக்குக் கோட்டையுமில்லை, கோபுரமுமில்லை. எனினும், மாதோட்டத்தின் கதையை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

சூழவுள்ள ஊர்களின் பெயர்களே நிலத்தின் இயல்பை உணர்த்துவன. உயிலங்குளம், வஞ்சியன்குளம், நறுவிலிக்குளம், கற்கிடந்தகுளம் எனக் குளத்தால் பெயர் பெற்றவை பல. பரிகாரிகண்டல், பரப்பாங்கண்டல், இசைமாலைத்தாழ்வு, மாளிகைத்திடல் என்பன பள்ளத்தையும் மேட்டையும் சுட்டுகின்றன. கடலைக் காணாத உள்நாட்டில் செம்மண்தீவு என்றோர் ஊருண்டு. நீரும் வயலும் சூழ்ந்த மேட்டு நிலத்தையும் தீவென்றே இம்மக்கள் கண்டனர் போலும். மண்ணோ கரிய களி. மாரியில் காலைப் பற்றி இழுக்கும் அம்மண், கோடையில் கையை நுழைக்குமளவு வெடித்துப் பிளக்கும். நீரைத் தேக்கி வைத்திருக்கும் இம்மண் நெல்லுக்கு உகந்தது. ஆயின் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் மன்னாரும் ஒன்று. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் சில மாத மழையை மட்டும் நம்பி இங்கு பெருஞ்செய்கை நடைபெற இயலாது.

மேற்கே மாந்தைத் துறையும் திருக்கேதீச்சரமும் உள்ளன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தின் சிறப்பு இதழ்தோறும் எழுதப்பட்டிருப்பதால் ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. மாந்தையில் 1980ஆம் ஆண்டு ஜோன் காஸ்வெல் தொடங்கிய அகழ்வுகள் 1984 வரை நடைபெற்றன. சீன மட்பாண்டங்களும் மேலை ஆசியப் பண்டங்களும் அங்கு கிடைத்தமை பலரும் அறிந்ததே. 2009-10இல் எடுக்கப்பட்ட மண் மாதிரிகளில் மிளகு, கராம்பு ஆகியவற்றோடு நெல்மணிகளும் காணப்பட்டன. மிளகும் கராம்புமே செய்தியாயின. நெல்லைப் பற்றிப் பேசியவர் சிலரே. பல நாட்டு வணிகர் கூடிய அத்துறைக்குச் சோறிட்ட வயல்கள் எங்கிருந்தன என்ற வினாவுக்கு விடை தேடுவோர் முருங்கன் பக்கமே திரும்ப வேண்டும்.

முருங்கனுக்கு அண்மையில் பரந்து கிடப்பது கட்டுக்கரைக்குளம். இராட்சதர் குளம் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் இது வழங்கப்படுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டுவித்ததாகச் சூளவம்சம் கூறும் மானாமத்துக் குளம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. மல்வத்து ஓயா எனச் சிங்களத்தில் வழங்கும் அருவியாற்றுக்குக் குறுக்கே பெருங்கற்களை அடுக்கி அமைத்த தேக்கம் என்னும் அணை ஆற்றை மறிக்கும். மறித்த நீரை வாய்க்கால் ஒன்று குளத்துக்குக் கொண்டுவரும்.

1679ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்திலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் இவ்வாற்றைத் தொடர்ந்தே காட்டினூடு நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் சேர்ந்தான். அவன் காலத்தில் ஆறு இருந்தது, குளம் பாழ்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேசன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில் இக்குளத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கினார். வாய்க்காலின் மட்டம் பிழைத்துவிட்டது, நீர் குளத்தை அடையாது, எனவே இத்துணைப் பேருழைப்பும் வீணாயிற்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். பண்டைய பொறியியலாளர் மட்டம் பார்க்க அறியாதவர் என்ற கருத்து இவ்வாறு அச்சேறியது. பிற்பாடு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பாக்கர் முறையாக அளந்து பார்த்தார். வாய்க்காலின் மட்டம் சரியாகவே இருந்தது. பிழைத்தது ரெனன்றின் செய்தியே. புகழ்பெற்ற நூலொன்று கூறியதாலேயே ஒரு தவறு பல்லாண்டு நிலைபெறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குளம் திருத்தப்பட்டது. கட்டுக்கரையின் நீர் நேராக வயலுக்குப் பாய்வதோடு முடிவதில்லை. அது நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்ப, அவற்றிலிருந்து ஊர்களின் வயல்கள் நீர் பெறுகின்றன. ஊர்ப் பெயர்களில் குளம் மலிந்திருப்பதன் காரணமும் இதுவே. பெருங்குளத்தின் நீர் ஊர்க்குளத்தில் தங்கிச் செல்வதால், ஒவ்வோர் ஊரும் தனக்கெனச் சிறு சேமிப்பொன்றை உடையது. மன்னன் பெயரால் அறியப்படும் குளம் உண்மையில் ஊரவர் உழைப்பாலேயே நிலைத்தது. குளத்தை அண்டிய குருவில் என்னுமிடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் 2016-17இல் நடத்திய அகழ்வில் தொன்மையான குடியிருப்பின் தடயங்களும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. கல்வெட்டிலும் வம்சக் கதையிலும் இடம்பெறாத மனிதர் விட்டுச் சென்றவை அவை.

மலையகத் தோட்டங்களுக்குச் செல்லத் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதவாச்சி நோக்கி நடந்ததும் இவ்வறண்ட நாட்டினூடாகவே. நோயாலும் தாகத்தாலும் வழியில் மாண்டோர் தொகை பெரிது. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு முருங்கன் களிமண் மூலப்பொருளாயிற்று. வயலைப் பசுமையாக்கிய அதே மண் வடபுலத்தின் வீடுகளையும் எழுப்பியது.

1990இல் ஆலையும் புகையிரதமும் நின்றன. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னாரின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. 2007, 2008ஆம் ஆண்டுப் போரில் தமிழ்க் கிராமங்கள் பலவும் இடம்பெயர்ந்தன. ஆளில்லாத ஊரின் குளம் பற்றைக்காடாவதற்கு அதிக காலம் செல்வதில்லை. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. மீண்டு வந்தோர் முதலில் தேடியவற்றுள் வாய்க்காலும் ஒன்று. காலபோகம் முடிந்ததும் கட்டுக்கரையில் எத்தனை அடி நீர் நிற்கிறதென்று அளந்து, சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்பதை அதன்படியே கமக்காரர் கூட்டம் தீர்மானிக்கிறது.