எங்கள் வீட்டு பத்மினியும் நான் பாதி சொன்ன பாடமும்



போன வாரம் வாசலில் நிற்கும் என் பிரீமியர் பத்மினியின் படத்தைப் போட்டாலும் போட்டேன், ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள். "அது இரும்பு சார், இப்போ வர்றதெல்லாம் தகரம்" என்று ஒருவர். "நீங்கள் எல்லாம் பொருளை மதித்தீர்கள். நாங்கள் ஐந்து வருடத்தில் தூக்கிப் போடுகிறோம்" என்று 1986-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர் ஒருவர். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை. சரித்திர வாத்தியாருக்கு எதையும் ஆதியிலிருந்து தொடங்கினால்தான் ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதை உங்களுக்கு எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! அது நொடித்துப்போன பிறகு, 1919-ல் பம்பாயில் சிந்தியா கப்பல் கம்பெனி எழுந்தது. அதன் பின்னால் நின்றவர்களில் ஒருவர் வால்சந்த் ஹிராசந்த். கப்பல், விமானம், கார் மூன்றையும் இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதக்காரர். பெங்களூரில் 1940-ல் விமானத் தொழிற்சாலை, 1941-ல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம், 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். முதலில் குர்லா தொழிற்சாலையில் அமெரிக்கக் கார்களைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டினார்கள். 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியட்டோடு ஒப்பந்தம் ஆனது.

இங்கேதான் கதை திரும்புகிறது. சும்மா பூட்டி விற்கிறவர்கள் வேண்டாம், உள்நாட்டிலேயே செய்பவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று அரசு 1953-ல் முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிவிட்டன. கார் என்று மிஞ்சியவை கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னைக்கு வெளியே ஸ்டாண்டர்ட். ஃபியட் 1100 டிலைட் 1964-ல் வந்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். 1974-ல் அதற்குத்தான் பத்மினி என்று பெயர் சூட்டினார்கள். இத்தாலிக்காரர்கள் இந்த 1100 வரிசையை 1969-லேயே முடித்துக்கொண்டு 128-க்குப் போய்விட்டார்கள். நாம் 2000-ஐ ஒட்டி வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

விலையை அரசு கட்டுப்படுத்தியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பானது. விலை குறைவாக இருந்து என்ன? வண்டி கிடைக்க வேண்டுமே. முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஓரிரு வருடம் ஓடிய ஃபியட் புது வண்டியைவிட அதிக விலைக்குப் போன கூத்தெல்லாம் நடந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முதல் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார். அதன் பிறகுதான் பழைய ஃபியட்டுகள் எங்களைப் போன்ற சம்பளக்காரர்களின் கைக்கு எட்டின. நான் 1991-ல் ஒரு 1982 மாடல் வாங்கினேன். பி.எஃப். கடனும் வீட்டம்மாவின் நாலு பவுன் சங்கிலியும் போயின.

பார்க்கப் போகும்போது எங்கள் மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க சார். ஆறட்டும்" என்று சொல்லி டீ குடிக்க அழைத்துப் போய்விட்டார். திரும்பி வந்து குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, புகையின் நிறத்தைப் பார்த்தார். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிறகு பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து உடம்பு முழுக்க ஒட்டிக்கொண்டே வந்தார். பட்டி பூசிய இடத்தில் காந்தம் நழுவும். மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங் பின் தேய்ந்திருந்தால் அங்கே ஆட்டம் தெரியும். தெரிந்தது. அதைச் சொல்லியே விலையில் குறைத்தார். இன்றைக்குப் பழைய கார் பார்க்கப் போகிற என் மாணவர்களுக்கும் காந்தமும் குளிர்ந்த எஞ்சினும் பொருந்தும். கிங் பின்தான் இப்போது கிடையாது.

வாங்கியது சுலபம். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்க மறந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிளாட்டினம் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைக்க நானே பழகிக்கொண்டேன். கியர் இணைப்பில் புஷ் தேய்ந்து, நடுரோட்டில் கியர் சிக்கிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து கையால் தள்ளிவிட வேண்டும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 1994 மே மாதத்தைச் சொல்ல முடியாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கயத்தாறு தாண்டி வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது, ஆனால் எஞ்சினுக்குப் போகவில்லை. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். எஞ்சினோடு ஒட்டிய பம்ப்பால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது. என் துண்டை நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு நின்றேன். அம்மா பின் ஸீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம். அப்பா பிழைத்தார். "1964 வண்டியிலயும் இதே பம்ப்தான் சார், இதே ஈரத்துணிதான்" என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். வாங்குகிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது எதற்கு மாற்றப் போகிறார்கள்?

1986 மாணவரே, இதுதான் உங்களுக்கான பதில். நாங்கள் பொருளை மதித்ததாகச் சொல்வது பாதிதான் உண்மை. இன்னொன்று கிடைக்காது என்பதால் கட்டிக் காத்தோம். அந்த வருடம் தற்சார்பு பாடத்தில் அம்பாசிடர், பத்மினி என்று கரும்பலகையில் எழுதி, இந்தியன் செய்த கார் என்று பெருமையாகச் சொன்னேன். பொய் இல்லை. அந்த வேலிக்குள்தான் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960களில் முளைத்தன. 1990களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் சென்னையைத் தேடி வந்ததற்கு அந்த உதிரிபாகத் தொழிலும் ஒரு காரணம். ஆனால் வேலிக்கு வெளியே வரிசையில் நின்றவனைப் பற்றி உங்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு மேல் எனக்கே போட மாட்டேன்.

மதிக்க வேண்டியது அண்ணாச்சியைப் போன்றவர்களைத்தான். கையேடு இல்லாமல், கிடைத்த சாமானை வைத்து, இந்த வண்டிகளை ஓட வைத்தவர்கள் அவர்கள். மும்பையில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரை ஓடின என்றால் அதற்குப் பின்னால் எத்தனை பட்டறைகள் இருந்திருக்கும்! அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் மகன் கணினியை மாட்டிக் கோளாறு கண்டுபிடிக்கிறார். பிளாட்டினம் பாயின்ட்டைக் காட்டினால் சிரிக்கிறார்.

பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனதிலிருந்தே, காயிலான்கடைக்குப் போடுங்கள் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தரைத்தகடு வேறு அரித்துவிட்டது. இருந்தாலும் திங்கட்கிழமை பட்டறையில் விட்டுவிட்டேன். வாசல் வெறிச்சோடி இருக்கிறதே, வண்டி எப்போது வரும் என்று வீட்டம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். அந்தச் சங்கிலி எப்போது வரும் என்றும்.