எறும்பு முதல் ஸ்ட்ரிப் வரை

சுகர் பரிசோதனை பிறந்ததே ஆய்வகத்துக்கு வெளியேதான். சிறுநீரை எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தே நோயை அறிந்தார்கள் நம் பழைய வைத்தியர்கள். 1674இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், சிறுநீர் தேனாய் இனிப்பதாக எழுதினார். நாக்கால் கண்டதுதான்! அந்த இனிப்பு சர்க்கரையே என்று லிவர்பூலில் மேத்யூ டாப்சன் 1776இல் நிரூபித்த பிறகு, சோதனை மெல்ல ரசாயனக்காரர்கள் கைக்குப் போனது. பெனடிக்ட் கரைசலின் நீலம் செங்கல் நிறமாவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள்.

அதை வெளியே கொண்டுவந்தவர்கள் வயிற்றெரிச்சலுக்கு ஆல்கா செல்ட்சர் விற்ற அமெரிக்க மைல்ஸ் நிறுவனத்தார். தண்ணீரில் நுரைக்கும் அந்த மாத்திரையின் பாணியிலேயே, அடுப்பில்லாமல் தானே கொதிக்கும் சோதனை மாத்திரையை 1941இல் விற்றார்கள். 1956இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ தம்பதி அதைக் காகிதப் பட்டையாக்கினர். அடுத்து, ரத்தத்துக்கான பட்டையும், 1970 வாக்கில் அதைப் படிக்கும் மீட்டரும் வந்தன. மீட்டரை டாக்டர்களுக்கு மட்டுமே விற்றதால், நீரிழிவு கொண்ட பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், டாக்டரான தன் மனைவி பெயரில் வாங்கினார். நோயாளி தன் வீட்டிலேயே சுகர் பார்க்கும் வழக்கத்துக்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு தொடக்கம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. செஞ்சி சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில், சுகர் பார்க்கவென்றே திருவண்ணாமலைக்கு பஸ் ஏறும் அலைச்சலைக் குறைப்பது இத்தகைய திட்டங்கள்தான்.

ஆனால் வீடு வரை வந்த சோதனையோடு ஆய்வகத்தின் கண்டிப்பும் கூடவே வந்துவிடவில்லை. 2013இன் ஐஎஸ்ஓ தரப்படி, ஆய்வகத்தில் 200 என்றால் மீட்டர் 170 காட்டலாம், 230ம் காட்டலாம், இரண்டும் பாஸ்! ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். நம் கிராமத்துப் பெண்களில் அது எவ்வளவு பரவலானது என்பது தெரிந்ததே. டயாலிசிஸ் கரைசலிலிருந்து உண்டாகும் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும் பட்டைகள் சில இருந்தன. அவற்றோடு தொடர்புடைய 13 மரணங்களைக் குறிப்பிட்டு, அமெரிக்காவின் எஃப்டிஏ 2009இல் எச்சரித்தது.

பட்டையில் வேலை செய்வது ஒரு நொதி. டப்பா மூடி திறந்தே கிடந்தால் ஈரம் பட்டு அது கெடும். காலாவதித் தேதியைப் பார்க்காமல் போடுவதும் தப்பு. என் கணக்கில், பல 'மீட்டர் தப்பு'களின் மூலம் மீட்டரில் இல்லை. மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினாலும் அளவு ஏறிவிடும்.

எனவே சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு விரலை நீட்டுங்கள். காட்டும் எண் உடம்பின் நிலைக்குப் பொருந்தவில்லையென்றால், மாத்திரையை நீங்களே கூட்டிக் குறைக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நரம்பில் ரத்தம் கொடுத்துச் சரிபாருங்கள்.