மொழி எல்லைக் கணக்கும் சராசரி ஒப்பீடும்

இரு வட்டாரங்களின் மொழிவழக்கை ஒப்பிடும்போது, எதை அலகாகக் கொண்டு எண்ணுகிறோம் என்பது முதலில் எழும் வினாவாகும். சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று தருகிறது. 1911 ஏப்ரல் 1இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. பின்னர் எல்லைச் சிக்கலை ஆராய்ந்த எச். வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். அதன் விளைவாக 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. மாவட்டம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டிருப்பின், தெலுங்குப் பெரும்பான்மையுள் திருத்தணியின் தமிழ் மறைந்திருக்கும்.

அங்குப் பயன்பட்டது குடிமதிப்புக் கணக்கு. அது அனைவரையும் எண்ண முயல்வது. ஆதலின் மாதிரியெடுப்பால் நேரும் பிழைக்கு அதில் இடமில்லை. இருமொழியாளர் தம் தாய்மொழியாக எதைக் கூறினர் என்பது போன்ற ஐயங்களே அதற்கு உரியவை. கிளைமொழி ஆய்வின் நிலை வேறு. ஒரு சிலரின் பேச்சைப் பதிவுசெய்து ஊர் முழுமைக்கும் முடிவு கூறுகிறோம். சிறு மாதிரியின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாவுக்கு, டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய காசெட் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் 1908இல் விடை கண்டார். நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933இல் கருதுகோள் சோதனைக்கு வடிவம் தந்தனர். நம்பிக்கை இடைவெளிக் கோட்பாட்டை நெய்மன் 1937இல் விரிவாக நிறுவினார். பரவல் வேறுபடும் இரு தொகுதிகளின் சராசரிகளை ஒப்பிடும் சிக்கலைப் பற்றி பி. வி. சுகாத்மே 1938இல் ‘சாங்க்யா’ இதழில் எழுதினார்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு நெடிலின் சராசரி ஒலிப்புநேரம் சித்தூரில் 120, திருப்பதியில் 129 மில்லிவினாடி. ஒவ்வொன்றின் திட்டப்பிழையும் 3. அவற்றின் 95 விழுக்காட்டு இடைவெளிகள் முறையே 114.1–125.9, 123.1–134.9. இவை ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வேறுபாடில்லை என முடிவுசெய்வது தவறு. வேறுபாட்டின் திட்டப்பிழை 6 அன்று, 4.24 ஆகும், எனவே 9 என்னும் வேறுபாட்டின் இடைவெளி 0.7 முதல் 17.3 வரை அமைகிறது. அதில் சுழி இல்லை. ஆகவே 5 விழுக்காட்டு மட்டத்தில் வேறுபாடின்மைக் கருதுகோள் தள்ளப்படும். ஆயினும் இடைவெளி அகன்றிருத்தலின், வேறுபாடு மிகச் சிறியதாகவும் இருக்கலாம்.

இக்கணக்கும் அலகு சரியாக அமைந்தால்தான் செல்லும். ஒருவர் நூறுமுறை ஒலித்த சொல்லை நூறு பேரின் சான்றாக எண்ணினால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கும். இங்கு அலகு பேசுவோரே.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பொறுப்புண்டு. ‘சிக்னிஃபிகன்ஸ்’ என்பதை ‘முக்கியத்துவம்’ என்றால், தற்செயலால் எளிதில் விளக்க முடியாத சிறு வேறுபாடும் பெரிய வேறுபாடாகத் தோன்றும். ‘நம்பிக்கை’ என்பதும் கிடைத்த ஓர் இடைவெளியைப் பற்றியதன்று. மீண்டும் மீண்டும் கையாளும்போது நூற்றுக்கு 95 முறை உண்மைச் சராசரியை உள்ளடக்கும் முறையைப் பற்றியது. 2022 ஏப்ரல் முதல் சித்தூரும் திருப்பதியும் தனித்தனி மாவட்டங்கள். நிர்வாக எல்லையைக் கிளைமொழி எல்லையாகக் கொள்ளுமுன் இவ்வளவும் ஆராயப்படல் வேண்டும்.